கல்யாண வேலை யார் கையில்? மண்டபப் பேக்கேஜ், மொத்தக் காண்டிராக்ட், தனித்தனி ஆட்கள்

தையில் முகூர்த்தம் குறித்த வீடுகளிலிருந்து ஐப்பசி பிறந்ததுமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "மண்டபக்காரரே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், ஒத்துக்கொள்ளலாமா அக்கா?" என்று ஒரு வீடு. "பிளானர் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மகள். நம்ம சமையல்காரரை எப்படி விடுவது என்கிறார் அவள் பெரியப்பா" என்று இன்னொரு வீடு. கடந்த இருபது வருடங்களில் எங்கள் குடும்பத்தில் ஒன்பது கல்யாணங்களுக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதியவள் நான். மூன்று வழியிலும் கல்யாணம் நடத்திப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் கேட்கிறார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது, எது மலிவு என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு: முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பொருள் குறைந்தால் யார் போன் எடுப்பார்?

என் தங்கை மகள் கல்யாணம் திருச்சியில், ஒரு மண்டபத்தின் பேக்கேஜில் நடந்தது. 'மணமக்கள் மாலை 2 ஜோடி' என்று தாளில் இருந்தது. முதல் நாள் மாலை நிச்சயதார்த்தத்துக்கு ஒரு ஜோடி போனது, அப்புறம் ரிசப்ஷனுக்கு ஒன்று. முகூர்த்தத்துக்கு மாலை இல்லை என்பது காலை நாலரைக்கு மணவறையில் தாம்பாளத்தை எடுத்து வைக்கும்போதுதான் தெரிந்தது. மேனேஜர் போன் அணைந்திருந்தது. வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாதஸ்வரக்காரர்தான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்கு வண்டி அனுப்புங்கம்மா, இந்நேரம் கடை திறந்திருக்கும்" என்றார். என் தம்பி ஈரத்தலையோடு பைக் எடுத்துக்கொண்டு போய் மாலையோடு வந்தபோது முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. மண்டபத்தார் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். தாளில் இருந்ததைக் கொடுத்தார்கள். நிச்சயதார்த்தம் தனி, ரிசப்ஷன் தனி, முகூர்த்தம் தனி என்று எண்ணிப் பார்க்க யாரும் பொறுப்பில் இல்லை, அவ்வளவுதான்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது?

ஐந்து விஷயங்கள்.

முதலில், கடைசிப் பில். கொட்டேஷனில் இருக்கும் தொகைக்கும், கல்யாணம் முடிந்து செட்டில் செய்யும் தொகைக்கும் எவ்வளவு தூரம் என்பது. இரண்டாவது, பெற்றவர்களின் உடம்பு. கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதம் அப்பா அம்மா எத்தனை இடம் அலைய வேண்டியிருக்கும்? மூன்றாவது சாப்பாடு. நான்காவது, பேசி வைத்தவர் வராமல் போனால் மாற்று ஆளை யார் கொண்டுவருவார்.

ஐந்தாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியுமா? அரசாணிக்கால் நடுவது, முளைப்பாலிகை, நலங்கு, ஊஞ்சல் என்று சாதிக்கும் ஊருக்கும் முறை மாறும். கொங்குப் பகுதியில் பல வீடுகளில் அருமைக்காரர் முன்னின்று சீர் செய்வார். அவருக்கு எந்த நேரத்தில் எந்தப் பொருள் கைக்கு வேண்டும் என்பது வெளியூர் பிளானருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். அந்த ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

## மண்டபப் பேக்கேஜ்

மண்டபம், சமையல், மேடை அலங்காரம், சில இடங்களில் நாதஸ்வரமும் போட்டோவும் கூட, எல்லாம் ஒரே தொகை. இருபது பேரிடம் பேச வேண்டியதில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாட்டில் இருந்து மூன்று வார லீவில் வருகிறார்கள், கல்யாணத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, வருபவர்கள் முந்நூறு பேருக்குள் என்றால் இது நல்ல வழி. வீட்டில் ஓட ஆள் இல்லாதவர்களுக்கும் இதையே சொல்வேன்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், 'சேர்ந்தது' என்ற சொல்லுக்குள்தான். ஏ.சி. சேர்ந்தது என்பார்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் எட்டு மணி நேரம். முதல் நாள் மாலை நான்கு மணிக்கு உள்ளே போய் மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வருகிற கல்யாணத்துக்கு எட்டு மணி நேரம் போதுமா? மீதிக்கு மணிக் கணக்கில் பணம். கரண்ட் மீட்டர் ரீடிங் பார்த்துத் தனிப் பில் போடும் மண்டபங்கள் உண்டு. அங்கே உள்ளே நுழையும்போதே மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இருக்கும், டீசல் உங்களுடையது. சுத்தம் செய்யும் கூலி, குப்பை அள்ளும் கூலி, கூடுதல் அறைகள், நேரம் தாண்டினால் அபராதம். வெளி டெக்கரேஷன்காரரையோ சமையல்காரரையோ கூட்டி வந்தால் அதற்கென்று ஒரு கட்டணம்.

வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 2 லட்சம் வாடகை என்றால் 36,000 ரூபாய். பேசும்போது இதைச் சொல்லாமல் பில்லில் சேர்ப்பது சாதாரணமாக நடக்கிறது. "இது வரியோடவா, வரி தனியா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது குறைந்தபட்ச இலை. ஓர் இலைக்கு 350 ரூபாய், 500 இலைக்குக் குறையாது என்று பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 430 பேர்தான் சாப்பிட்டார்கள் என்றாலும் 500-க்குத்தான் பணம். 70 இலைக்கு 24,500 ரூபாய் காற்றில் போனது. நகரங்களில் இப்போது கூட்டம் முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்குத்தான் வருகிறது. மறுநாள் முகூர்த்தத்துக்கு நெருங்கிய சொந்தம் மட்டும்தான். ஆகவே குறைந்தபட்ச எண்ணிக்கையை இரவுச் சாப்பாடு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று வேளைக்கு வேளை தனியாகப் பேசுங்கள். மொத்தமாக ஒரே எண் சொல்ல ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## மொத்தக் காண்டிராக்ட், அல்லது பிளானர்

இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்தாலும் ஆட்கள் வேறு. மயிலாப்பூர், ஸ்ரீரங்கம், கும்பகோணம் பக்கம் பழைய முறைக் கல்யாணக் காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சமையலில் இருந்து வளர்ந்தவர்கள். சீர் பட்சணம், வாத்தியார், மேளம், பூ, பந்தல், காசி யாத்திரைக்குக் குடையும் கைத்தடியும் வரை அவர்களே கொண்டுவருவார்கள். புது முறைப் பிளானர்கள் அலங்காரத்தில் இருந்து வளர்ந்தவர்கள். நிறம், விளக்கு, மேடை, விருந்தினர் வரவேற்பு இதிலெல்லாம் கை தேர்ந்தவர்கள். சமையலையும் சடங்கையும் வேறு ஆளிடம் கொடுத்து வாங்குவார்கள்.

இந்த வழியின் பெரிய பலம் நான்காவது விஷயத்தில் இருக்கிறது. மேளக்காரருக்குக் காய்ச்சல் என்றால் அவர் இன்னொரு செட்டைக் கொண்டுவந்துவிடுவார். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் அண்ணன் மகன் கல்யாணத்தில் தவில்காரர் வந்த வேன் விக்கிரவாண்டி அருகே நின்றுவிட்டது. காண்டிராக்டர் எங்களிடம் சொன்னதே வேறு ஆள் வந்து சேர்ந்த பிறகுதான். அந்த நிம்மதிக்குக் கொடுத்த பணம் நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? பிளானர் கட்டணம் ஒரு தொகையாகவோ மொத்தச் செலவில் சதவீதமாகவோ இருக்கும். சதவீதம் என்றால் செலவு கூடக் கூட அவர் வருமானமும் கூடும். அதை மனதில் வைத்துக்கொண்டு, முடிந்தால் ஒரே தொகையாகப் பேசுங்கள். கட்டணம் போக, அவர் கொண்டுவரும் டெக்கரேஷன்காரர், போட்டோகிராபர் எல்லோரிடமும் கமிஷன் உண்டா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. நல்லவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று, வளர்பிறை முகூர்த்த ஞாயிறு என்றால் ஒரே குழு மூன்று நான்கு மண்டபம் எடுத்திருக்கும். உங்களிடம் ஆறு மாதம் இனிமையாகப் பேசியவர் அன்றைக்கு வேறு மண்டபத்தில் இருப்பார். உங்கள் மண்டபத்தில் நேற்றுச் சேர்ந்த பையன் நிற்பான். "அன்று எங்கள் மண்டபத்தில் யார் நிற்பார், அவர் பெயர் என்ன, அவரை முன்கூட்டியே பார்க்கலாமா?" இதற்குப் பதில் கிடைக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பூ விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'பூ அலங்காரம்' என்று மட்டும் எழுதினால் போதாது, என்ன பூ என்று எழுத வேண்டும். மார்கழி, தையில் பனியால் மல்லிகை வரத்து குறைந்துவிடும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அப்போது மல்லிகை இருக்க வேண்டிய இடத்தில் காக்கட்டான் வரும், மேடைப் பின்னணியில் துணிப்பூ வரும். காக்கட்டானும் நல்ல பூதான், விலை குறைவு. ஆனால் மல்லிகைக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை வாங்கக் கூடாது, வாசனை காட்டிக் கொடுத்துவிடும். தையில் கல்யாணம் வைப்பவர்களுக்கு என் யோசனை: பெண்ணின் ஜடைக்கும் மாலைக்கும் மட்டும் மல்லிகை. மேடைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, மாவிலை, தென்னங்குருத்து போதும். குருத்தோலைத் தோரணமும் குலை தள்ளிய வாழை இரண்டும் வாசலில் நின்றால் வருகிற அழகு, எத்தனை ஆயிரம் துணிப்பூ வைத்தாலும் வருவதில்லை.

## தனித்தனியாக ஆட்களைப் பிடிப்பது

சொந்த ஊரில் கல்யாணம், சித்தப்பா மாமா எல்லோரும் நாலு தெரு தள்ளி இருக்கிறார்கள், வீட்டுக்கு இருபது வருடமாகச் சமைக்கும் மாஸ்டர் இருக்கிறார் என்றால் இதற்கு ஈடு கிடையாது. ஒவ்வொருவரும் வீட்டாருக்கே பதில் சொல்ல வேண்டியவர். வழக்கம் தெரிந்தவர். சாப்பாடு நம் வீட்டு ருசியில் இருக்கும்.

இங்கே முக்கியமாகத் தீர்மானிக்க வேண்டியது சமையலுக்குள்தான் இருக்கிறது: இலைக் கணக்கா, கூலிக் கணக்கா? இலைக் கணக்கில் சாமான் எல்லாம் அவருடையது. நாம் இலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோம். கூலிக் கணக்கில் மாஸ்டர் லிஸ்ட் கொடுப்பார், சாமான் நாம் வாங்கிப் போட வேண்டும். மாஸ்டருக்கும் ஆட்களுக்கும் கூலி மட்டும்.

கூலிக் கணக்கில் ருசி நம் கையில். என்ன எண்ணெய், என்ன நெய், என்ன அரிசி என்று நாமே பார்த்து வாங்கலாம். ஆனால் லிஸ்டில் இல்லாதவை எத்தனை என்று பாருங்கள். பாத்திர வாடகை, 19 கிலோ கேஸ் சிலிண்டர்கள், பரிமாறும் ஆட்களின் கூலி, பாத்திரம் தேய்க்கும் பெண்களின் கூலி, காய்கறி வண்டிக் கூலி, தண்ணீர் கேன், ஐஸ், கடைசி நேரப் பால். மிஞ்சும் சாமானும் நம் தலையில்தான். எங்கள் மாஸ்டர் 100 பேருக்கு 10 கிலோ அரிசி என்று கணக்குச் சொல்வார், அது சரியாகவே இருக்கும். முந்திரி, நெய், எண்ணெய் மூன்றும்தான் எப்போதும் கூடிப்போகும். இவற்றை ஸ்டோர் ரூமில் பூட்டி, சாவியை ஒரே ஒருவரிடம் கொடுத்து, கேட்கக் கேட்க அளந்து கொடுப்பதுதான் முறை. எங்கள் வீட்டில் அந்த ஆள் என் பெரிய அத்தை. இரண்டு நாளும் ஸ்டோர் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தாலி கட்டும்போது மட்டும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கு வருவார். அப்படி ஒரு அத்தை உங்கள் வீட்டில் இல்லை என்றால் கூலிக் கணக்கு வேண்டாம், இலைக் கணக்குக்குப் போங்கள்.

இலைக் கணக்கில் எண்ணிக்கை முக்கியம். பந்திக்குப் பந்தி போட்ட இலையை நம் ஆள் ஒருவர், அவர் ஆள் ஒருவர், இருவரும் எண்ணி ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டாக வந்த இலையில் மிச்சத்தைக் கழித்து எண்ணுவது தகராறில் முடியும். கிழிந்த இலை, அடியில் இரண்டாக விரித்த இலை எல்லாம் கணக்கில் வந்துவிடும். மேளக்காரர், போட்டோக்காரர், டிரைவர்கள் சாப்பிட்ட இலை யார் கணக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

இந்த வழியின் நிஜமான விலை, பெற்றவர்களின் உடம்பு. சமையல், பந்தல், பூ, மேளம், வாத்தியார், போட்டோ, வீடியோ, வேன், பெண் அலங்காரம், மைக் செட் என்று குறைந்தது பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் அட்வான்ஸ், ஒவ்வொருவருக்கும் பேட்டா, தங்க இடம், காலைக் காபி. என் மூத்த மகள் கல்யாணத்தை இப்படித்தான் நடத்தினோம். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் மாப்பிள்ளை தாலி கட்டிய நேரத்தில் என் கணவர் கேஸ் சிலிண்டர்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். கெட்டிமேளச் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அட்சதை விழுந்து முடிந்திருந்தது. அந்த ஒரு காரணத்தால் இளைய மகளுக்குக் காண்டிராக்ட் கொடுத்தோம்.

## ஒரே பார்வையில்

| | மண்டபப் பேக்கேஜ் | மொத்தக் காண்டிராக்ட் / பிளானர் | தனித்தனி ஆட்கள் |
|---|---|---|---|
| கடைசிப் பில் | ஏ.சி., கரண்ட், டீசல், வரியால் ஏறும் | பேசியதற்கு அருகில் நிற்கும், ஆனால் தொகையே பெரிது | சில்லறைச் செலவால் ஏறும் |
| வீட்டார் அலைச்சல் | குறைவு | மிகக் குறைவு | மிக அதிகம் |
| சாப்பாடு | மெனுவில் இருப்பதுதான் | பேசி மாற்றலாம் | முழுக்க நம் விருப்பம் |
| ஆள் வராவிட்டால் | மேனேஜரைப் பொறுத்தது | அவரே மாற்று தருவார் | நாம்தான் தேட வேண்டும் |
| வீட்டு வழக்கம் | நாம் சொல்லித்தர வேண்டும் | பழைய முறைக் காண்டிராக்டருக்குத் தெரியும் | நம் ஆட்களுக்குத் தெரியும் |
| யாருக்கு ஏற்றது | நேரம் இல்லாதவர்கள், சின்னக் கூட்டம் | வெளியூரில் கல்யாணம், ஓட ஆள் இல்லாத வீடு | சொந்த ஊர், பெரிய உறவு வட்டம் |

## நான் சொல்லும் கலவை

இன்று யாராவது என்னிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: வெளிச் சமையலுக்கு அனுமதி தரும் மண்டபம், சமையல் மட்டும் நமக்குத் தெரிந்தவர், இலைக் கணக்கில், மற்ற எல்லாம் ஒரு காண்டிராக்டரிடம். சாப்பாடு நம் கையில் இருக்கும், அலைச்சல் அவர் கையில் போய்விடும். பேக்கேஜை விடக் கொஞ்சம் கூடும், ஆனால் கல்யாணம் நடக்கும்போது பெற்றவர்கள் மேடையில் இருப்பார்கள். 250 பேருக்குக் குறைவான கல்யாணத்துக்கு மட்டும் நல்ல பேக்கேஜே போதும், கலவை தேவையில்லை.

நம்பகமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? சமையல்காரர் வீட்டுக்கு அழைத்துச் சாம்பிள் கொடுப்பார். அது பத்துப் பேர் சமையல், அதில் எல்லோரும் ஜெயிப்பார்கள். அவர் சமைக்கும் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டுப் போய், கடைசிப் பந்தியில் உட்காருங்கள். ரசம் சூடாக வருகிறதா, பாயசத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, பரிமாறுகிறவர் முகம் சுளிக்காமல் இரண்டாவது முறை கூட்டு போடுகிறாரா? எழுந்து கை கழுவப் போகும்போது சமையல்கட்டையும் ஒரு எட்டுப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண், அவரிடம் இருக்க வேண்டும். கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சுவார்த்தைக்கு ஆடியும் மார்கழியும் நல்ல மாதங்கள். கல்யாணம் இல்லாததால் எல்லோரும் நிதானமாக உட்கார்ந்து பேசுவார்கள், விலையும் இறங்கும். பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். பேசி முடிக்கும்போது ஒரு பங்கு, ஒரு வாரம் முன்பு ஒரு பங்கு, முடிந்த பிறகு மீதி. போட்டோகிராபருக்கு மட்டும் கடைசிப் பங்கு ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாண ஆல்பம் வருவதற்குள் குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முழுப் பணமும் முன்பே போயிருந்தது.

எழுதும் தாளில், என்ன செய்வார் என்பதோடு என்ன செய்ய மாட்டார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 'இரவு பத்துக்கு மேல் மைக் கிடையாது' (திறந்த வெளிக்குச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது), 'மூன்றாவது ஜோடி மாலை தனிப் பணம்', 'தேங்காய்ப் பை போடும் ஆள் எங்களுடையது அல்ல' என்று தானாகவே சொல்பவரை நான் நம்புவேன். எல்லாவற்றுக்கும் "பார்த்துக்கலாம் மேடம்" என்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலையை உங்களுக்காக இவர்களில் யாரும் செய்ய மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். பதிவுக்குக் கேட்கும் கல்யாணப் பத்திரிகைகள் கல்யாண வீட்டில் எப்படியோ காணாமல் போய்விடும். ஐந்து பத்திரிகையையும் மண்டப ரசீதையும் இந்த ஒப்பந்தத் தாள்கள் இருக்கும் பைலிலேயே போட்டு, பெண்ணிடம் கொடுத்து அனுப்புங்கள்.